பெரிய டேங்க் வைத்தால் ஷவரில் வேகம் கூடாது

“ஷவரில் தண்ணீர் சொட்டுகிறதா? 500 லிட்டர் டேங்கை மாற்றி 1000 லிட்டர் வையுங்கள், அழுத்தம் இரட்டிப்பாகும்” என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி. டேங்க் விற்பவருக்கு மட்டும்தான் லாபம்.

அழுத்தத்தைத் தீர்மானிப்பது கொள்ளளவு அல்ல, தண்ணீர் மட்டம் ஷவருக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 2 மீட்டர் என்றால் 0.2 பார்தான், டேங்க் எத்தனை லிட்டராக இருந்தாலும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் திரவ அழுத்தம் பற்றிய பாடத்தைப் பாருங்கள்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் உப்புப் படிந்து ஷவர் துளைகள் அடைத்திருக்கும். ஷவரைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். குழாயில் நன்றாக வந்தால், ஷவரை ஓரிரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். ஷவரைக் கழற்றியும் குழாயில் நன்றாக வராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.