வீட்டுக் காட்சியை வெட்டச் சொன்னவருக்கு

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், இனி அனுப்பாதீர்கள். இந்திய ராணுவ மேஜர் ஒருவரின் கதையைச் சொல்லும் 'அமரன்' படத்தைப் பற்றி அதில் பேசுகிறவர், "அமரன்ல பொண்டாட்டி சீனையெல்லாம் வெட்டியிருந்தா நல்ல போர்ப் படம் கிடைச்சிருக்கும்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். கீழே கைதட்டிக் கருத்துப் போட்டவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். ராத்திரி தூக்கம் வராமல் போனது அதனால்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக் காட்சியும் போர்க் காட்சிதான்.

படத்தின் நிஜ நாயகன் மேஜர் முகுந்த் வரதராஜன் இறந்தது 2014 ஏப்ரல் 25, காஷ்மீரில் சோபியான் பக்கம். அவருக்குக் கொடுத்த அசோகச் சக்கர விருதை மறு வருடம் குடியரசு நாளில் கைநீட்டி வாங்கியது யார்? அவர் மனைவி இந்து. படமும் இந்துவின் நினைவுகளாகத்தான் விரிகிறது. அவரை வெட்டிவிட்டால் அந்தக் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சண்டை சில மணி நேரம்தான். 2009இல் கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு போன் மணிக்கும் அந்தப் பெண்ணுக்கு வயிறு கலங்கியிருக்குமே, அது எந்தக் கணக்கில் வரும்?

"உங்களுக்கு என்ன தெரியும் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. தெரியும், ஐயா. என் அப்பா மலேசியப் பட்டாளத்துக்காரர். ரேஞ்சர் ரெஜிமெண்ட், எல்லா இனத்தவரும் சேர்ந்திருந்த படை. எழுபதுகளில் தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தேடிப் போனவர். 'ஒப்பராசி' என்று சொல்லும் காட்டு நடவடிக்கைக்குப் போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். காட்டில் துப்பாக்கியைவிட அவர்கள் பயந்தது ஜெராங்காப் சாமாருக்கு. மண்ணுக்குள் புதைத்து வைத்த வெடி, மிதித்தால் கால் போகும். எத்தனையோ பேருக்குப் போனது.

நாங்கள் இருந்தது ஈப்போ பக்கம் பட்டாளக் குவாட்டர்ஸ், நான்கு மாடி. அங்கே ஒரு பழக்கம் உண்டு. பகல் வேளையில் ஆபீசரோடு ஜீப் உள்ளே நுழைந்தால் எல்லா வீட்டுப் பெண்களும் படிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள். யாரும் பேசமாட்டார்கள். பூட்ஸ் சத்தம் எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள்.

எனக்கு ஆறு வயதிருக்கும். அன்று சத்தம் எங்கள் மாடிக்கு ஏறி வந்தது. அம்மா என் தோளை அழுத்திப் பிடித்த வலி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. பூட்ஸ் எங்கள் கதவைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் நின்றது. அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்கார அக்கா. 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். மடியில் கைக்குழந்தை.

அம்மா மூன்று ராத்திரியும் இறந்தவருக்காக ஓதும் தஹ்லீலுக்குப் போய்த் தட்டு கழுவிக் கொடுத்தார். அப்பா பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பினார், இரண்டு காலும் இருந்தன. வழக்கமாக அவர் வந்தால் ஆட்டுக்கறி. அன்று அம்மா ரசம் மட்டும் வைத்தார். தாளிக்கிற வாசம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம். "அந்த பூட்ஸ் நம்ம கதவைத் தாண்டிப் போனப்ப 'அப்பாடா'ன்னு இருந்துச்சு பாப்பா, அந்தப் பாவம் எங்க போய்த் தீரும்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. இது போர் இல்லையா? இதை வெட்ட வேண்டுமா?

சிலர், "அது இந்தியா ராணுவம், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். அப்படியானால் தீபாவளிக்கு முதல் காட்சிக்கு ஏன் டிக்கெட் எடுத்தீர்கள்? படத்தில் காஷ்மீர் மக்களைக் காட்டிய விதம் சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும். இன்னும் சிலர், "வீட்டுக் காட்சி படத்தின் வேகத்தைக் குறைக்குது" என்கிறார்கள். காத்திருக்கிறவர்களுக்கு நாள் அப்படித்தான் நகரும். அதை நீங்கள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அன்று தியேட்டரில் அந்தக் காட்சிகளில்தான் எனக்கு முன்வரிசை முழுக்கப் போன் வெளிச்சம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிசுவில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டியோட்டிப் போனது நம் நாட்டு வீரர்கள். ஒருவர் உயிரையே கொடுத்தார். அந்தச் சம்பவத்தை ஹாலிவுட்காரன் படமாக எடுத்தபோது நம்மவர்களுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்று நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்தது சரி. ஆளை விட்டுவிட்டுக் கதை சொன்னால் வலிக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் எந்த வாயால் முகுந்தின் பெண்டாட்டியை வெட்டச் சொல்கிறோம்?

கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கூட்டிப்போனேன். அண்ணாந்து வெண்கலச் சிலைகளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆம்பளைங்கதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஒவ்வொரு வருடமும் ஜூலை 31 வீரர்கள் நாள் வருகிறது. பட்டாளத்தில் இருந்த தமிழனைப் பற்றியே நம் ஆட்கள் பேசுவது அபூர்வம், அவன் வீட்டுக்காரியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹட்ஞாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதை வானொலியில் கேட்டபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைக் கழுவப் போய்விட்டார். அம்மாதான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். இருபது வருடத்துக்கு மேல் நடந்த சண்டை என் அம்மாவுக்கு அந்த அடுக்களையில்தான் முடிந்தது.

அமரன் பார்க்கவும் அம்மாவோடுதான் பினாங்குத் தீவுக்குப் போனேன். பாலத்தில் திரும்பி வரும்போது வண்டியில் பேச்சே இல்லை. பாதிக் கடல் தாண்டியதும், "அந்தக் காக் இப்ப எங்க இருப்பா?" என்றார். கிளந்தானுக்குப் போனார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. இந்தப் பள்ளி விடுமுறைக்குக் கூட்டிப்போய்த் தேடுவதாகச் சொல்லியிருக்கிறேன். கிரிக் வழியாகத்தான் போக வேண்டும், அப்பா ஒப்பராசி போன காட்டைத் தாண்டி.