கார்டு என் பெயரில், டப்பா அண்ணி வீட்டில்

போன மாதம் வங்கியில் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று மாதிரி விழுந்தது. கணக்குத் தொடங்கியபோது நான் மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடவில்லை. இப்போது ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், விரல் லேசாக நடுங்கும். கவுண்ட்டரில் இருந்த தம்பி நல்ல பையன்தான். காரணம் கேட்டான், சொன்னேன். சொன்னதுதான் தப்பு. "அப்படின்னா கார்டியன் சர்டிபிகேட் வேணுமேக்கா" என்றான்.

அதை யாரிடம் போய் வாங்குவது? 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் நியமிப்பது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு. மனநோய் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. மனநோயையும் மனவளர்ச்சிக் குறைபாட்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது நம் ஊரில் படித்தவர்களுக்கும் பழக்கம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, பண விவகாரங்களை நானே பார்த்துக்கொள்ள மற்றவர்களுக்குச் சமமான உரிமை எனக்கும் உண்டு என்கிறது.

சரி, உரிமை பேசுகிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது பைபோலார்: மனம் சில காலம் தலைகால் தெரியாமல் பொங்கும், சில காலம் சோர்ந்து விழும். 2023-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை 1000-லிருந்து 1500 ஆன புதிது. இரண்டு மாதப் பணம் சேர்ந்தாற்போல் வந்தது. நாலு நாளாகத் தூக்கம் இல்லை, தூக்கம் தேவையும்படவில்லை. குடியாத்தத்திலிருந்து பஸ் மாறி மாறி அணைக்கட்டுப் பக்கம் போய், ஒரு மூட்டை இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து தெருவில் வீட்டுக்கு இரண்டு கிலோ பங்கு போட்டேன். கொஞ்ச நாள் முன்புதான் அந்தக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அதைப் பற்றி வாசலுக்கு வாசல் பிரசங்கம் வேறு. தெரு முழுக்க எண்ணெய்க் கத்திரிக்காய் மணந்தது. எனக்கு ரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை. எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கத்திரி வெயிலுக்கு முன் தவறவிடக் கூடாத பரிசோதனை அது.

அண்ணன் ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் வாங்கி பீரோவில் பூட்டினார். திட்டவில்லை. ஆனால் நான் தேறி, பழையபடி பீடி சுற்ற உட்கார்ந்த பிறகும் ஏழு மாதம் கார்டு வெளியே வரவில்லை. நாப்கின் வாங்க "அண்ணா, நூறு ரூபா" என்று நிற்க வேண்டும். 1500 ரூபாய்க்கு இவ்வளவு ரோஷமா என்று கேட்பவர்கள் ஒரு தடவை நின்று பார்க்கலாம்.

அப்புறம்தான் அண்ணியும் நானும் ஒரு அரைத்தாளில் எழுதினோம். தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், கார்டை நானே அண்ணியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவர் வீட்டு ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் போகும். தினம் ஐம்பது ரூபாய் கைக்கு வரும். ஐந்து ராத்திரி ஒழுங்காகத் தூங்கிவிட்டால், நான் கேட்காமலே கார்டு திரும்பி வர வேண்டும். கடைசி வரி நான் அடம்பிடித்துச் சேர்த்தது. இதுவரை இரண்டு தடவை டப்பாவுக்குப் போய் வந்திருக்கிறது. ஒரு தடவை "என் பணத்தைக் கொடுங்க" என்று நடுவீட்டில் கத்தினேன். அண்ணி பதில் பேசாமல் அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். என் கையெழுத்து, நடுக்கத்தோடு.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நன்றாக இருக்கும்போதே சிகிச்சை பற்றி முன்கூட்டி எழுதி வைக்கலாம்; எனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். அதெல்லாம் சிகிச்சைக்கு. பணத்துக்கும் அப்படி ஒரு தாளை வங்கி ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? மருத்துவக் குழு சுயபராமரிப்பு, மனிதர்களோடு பழகுவது, பேச்சு, வேலை என்று நாலு வகையில் மதிப்பெண் போட்டு, எத்தனை சதவீத ஊனம் என்று சான்றிதழ் தருகிறது. சான்றிதழில் சதவீதம் ஒன்றுதான். என் சித்திரையும் மார்கழியும் ஒன்றா? பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்று நல்ல புத்தியோடு இருக்கும் நான் எழுதி வைக்கிறேன் என்கிறேன்.

வங்கி விஷயம் முடிந்துவிட்டது. நடுக்கம் மருந்தால் வருவது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, புது மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கப் போனேன். துணைக்கு அண்ணி வந்திருந்தார். அதே தம்பி அவரைப் பார்த்ததும், "நீங்க வந்துட்டீங்களே, ஜாயின்ட் அக்கவுன்ட்டா மாத்திடலாமா?" என்றான்.

"கணக்கு அவளுது. அவளையே கேளுப்பா" என்றார் அண்ணி.

கேட்டான். வேண்டாம் என்றேன்.