ஃபிஸ்டுலா கையை இறுக்கிக் கட்டாதீர்கள்

அண்ணாச்சி, ‘டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கை புடைத்து அசிங்கமாகத் தெரிந்தால், எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுங்கள், நாளடைவில் அமுங்கிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். தமனியையும் சிரையையும் இணைத்து, சிரை பெரிதாக வேண்டும் என்றே செய்வதுதான் ஃபிஸ்டுலா. இறுக்கிக் கட்டினால் இரத்தம் உறைந்து பாதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் டயாலிசிஸ் ஊசியை எங்கே குத்துவது? அந்தக் கையில் வாட்ச், இறுக்கமான வளையல் கூடாது. பிரஷர் பார்க்கவும் கொடுக்கக் கூடாது.

மறைக்க நினைப்பதில் தப்பில்லை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும்போது நானும் முதல் வருடம் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். இப்போது தொளதொள முழுக்கைச் சட்டை, அவ்வளவுதான். ஆரியங்காவு டீக்கடையில் ‘கைக்கு எந்து பற்றி?’ (கைக்கு என்ன ஆச்சு?) என்று மலையாளத்தில் கேட்டால், ‘கிட்னிக்காக டாக்டர் போட்ட வழி’ என்பேன். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்ததில் பாதிக் கூச்சம் போய்விட்டது. என் பேத்தி அந்தக் கையில் காதை வைத்து ‘உஸ் உஸ்’ சத்தம் கேட்பாள். தினமும் காலையில் நானும் தொட்டுப் பார்ப்பேன், பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒன்று மட்டும் சரி: புடைப்பு திடீரென்று பெரிதானாலோ மேல்தோல் மெலிந்து பளபளத்தாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். கட்டுப்போட அல்ல.