ஒரு சின்னத்துக்குள் எத்தனை பீரங்கி வைப்பது?

போர்க்கள வீரத்துக்கு நாடு கொடுக்கும் உயரிய பதக்கமான பரம்வீர் சக்ரா வெண்கலம். அதற்கு அடுத்தபடியான மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. ஒலிம்பிக் கணக்கில் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். பரம்வீர் சக்ராவின் குறுக்களவு 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுவில் அரசுச் சின்னம், சுற்றி நான்கு வஜ்ராயுதம், கோடு போடாத ஊதா நாடா. அவ்வளவுதான். டிசைன் வேலை பார்க்கிறவனாகச் சொல்கிறேன், இந்தியாவில் வரைந்த பதக்கங்களில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

வரைந்தவர் சாவித்ரி கானோல்கர். 1913இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இங்கே வந்து ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரைக் கட்டிக்கொண்டு, சமஸ்கிருதமும் புராணமும் ஆழமாகப் படித்தவர். அதனால்தான் மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் இந்த வேலையை அவரிடம் கொடுத்தார். (முதல் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, சாவித்ரியுடைய மருமகனின் அண்ணன். தற்செயல்தான்.)

இதில் பீரங்கியோ துப்பாக்கியோ இல்லை. வஜ்ராயுதமும் ஆயுதம்தானே என்று கேட்கலாம். சரி, அது எதில் செய்தது? ததீசி முனிவர் உயிரை விட்டுக் கொடுத்த எலும்பில். இந்த விருதைப் பெற்ற 21 பேரில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. அந்தக் கதையைத் தெரிந்து ஒருவர் வரைந்திருக்கிறார் பாருங்கள், அதுதான் வேலை.

இப்போது என் மேஜைக்கு வருவோம். முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்று மூத்த உறுப்பினர்களுக்கு விருது கொடுக்கப்போகிறது. சின்னம் வரைந்து தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: பீரங்கி, போர் விமானம், கப்பல், கழுகு, மூன்று சிங்கம், தலைகீழ்த் துப்பாக்கி மேல் ஹெல்மெட், கீழே ஸ்பான்சர் நகைக்கடையின் லோகோ. இத்தனையும் உள்ளங்கை அளவுக்குள்!

சிங்கத்தை முதலில் அடித்தேன். தனியார் அமைப்புகள் இஷ்டத்துக்கு அரசுச் சின்னத்தைப் போட முடியாது, 2005இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. பீரங்கியும் விமானமும் அந்த அளவில் அச்சு வார்த்தால் வெறும் மேடு பள்ளம், எது எதுவென்று தெரியாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தத் தலைகீழ்த் துப்பாக்கிதான். 1972இல் இந்தியா கேட்டில் அமர் ஜவான் ஜோதி வைத்தபோது நிறுத்திய வடிவம் அது. போரில் உயிர்விட்டவர்களுக்கு உரியது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அதைக் கொடுத்து, கூடவே பொன்னாடையும் போர்த்துவதா? கூகுளில் ‘சோல்ஜர்’ என்று தேடி முதலில் வந்த படத்தை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் வரைந்து அனுப்பியது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. பட்டாளத்துக்காரர் வீடு எதற்குள் நுழைந்தாலும் பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ அது இருக்கும். மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். ஓரம் நசுங்கி, பூட்டுக் கொக்கி தளர்ந்து, இப்போது உள்ளே வீட்டுப் பத்திரமும் பழைய போர்வையும். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் அவரோடு ரயிலில் போன சாமான் அது. சின்னத்தில் மூடியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன், வாங்குபவரின் நம்பரையும் பெயரையும் அதில் பொறித்துக்கொள்ளலாம். இன்னொருவருக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

“பெட்டி பார்க்க டல்லா இருக்கே தம்பி” என்கிறார் செயலாளர். கழுகு மேல் அவருக்கு இன்னும் ஒரு கண். ஆனால் சங்கத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்ததும், “கைப்பிடி ரெண்டு பக்கமும் வரணும், ஒரு பக்கம்தான் போட்டிருக்கீங்க” என்று திருத்தம் சொன்னார். உடனே போட்டுவிட்டேன்.

ஸ்பான்சர் லோகோதான் பாக்கி. விருதை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டி மேல் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.