தெர்மல் கிளிப் தோட்டா அல்ல

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமைப் பற்றி கேமர் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "மாஸ் எஃபெக்ட் 2-இல் விடோ ஸ்னைப்பர் துப்பாக்கியின் தெர்மல் கிளிப்புக்குள் ஒரே ஒரு பெரிய தோட்டாதான் இருக்கும். அதனால்தான் ஒரு தடவை சுட்டதும் ரீலோட் செய்ய வேண்டியிருக்கிறது."

ரீலோட் செய்ய வேண்டும் என்பது சரி. காரணம்தான் தப்பு.

அந்தக் கிளிப்பில் தோட்டாவே கிடையாது. கதைப்படி, துப்பாக்கிக்குள் அடர்த்தியான ஓர் உலோகக் கட்டி இருக்கிறது. விசையை அழுத்தியதும் அதிலிருந்து மணல் துகள் அளவுக்கு ஒரு துணுக்கு சீவப்படும். மாஸ் எஃபெக்ட் புலம் அதன் நிறையைக் குறைக்க, அது பயங்கர வேகத்தில் பாய்கிறது. ஒரு கட்டியே ஆயிரக்கணக்கான தடவை சுடப் போதும். பிரச்சினை, சுடும்போது கிளம்பும் வெப்பம். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்வதுதான் கிளிப்பின் வேலை. விடோவின் ஒரே அடியில் கிளிப் நிரம்பிவிடுகிறது, எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுகிறோம்.

2007-இல் வந்த முதல் பாகத்தில் கிளிப்பே இல்லை. துப்பாக்கி சூடேறினால் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (எனக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது.) இரண்டாம் பாகத்தில் திரையின் ஓரத்தில் எண்ணிக்கை குறைவதைப் பார்த்தால் யாருக்கும் தோட்டா என்றுதான் தோன்றும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சந்தேகம் இருந்தால் கேமிலேயே கோடெக்ஸை (கதை உலகத்தை விளக்கும் குறிப்புத் தொகுப்பு) திறந்து, ஆயுதங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.