"உங்கள் ஆதர்சம் யார்?" என்று கேட்டது போதும்

யாழ்ப்பாணத்தில் இப்ப கலைஞர் சந்திப்புகளுக்குக் குறைவில்லை. ஓவியர், நாடகக்காரர், தவில் வித்துவான் என்று மேடையேற்றிக் கதைக்க விடுகிறோம். நல்ல விசயம்தான். ஆனால் நெறிப்படுத்துகிறவர் எடுத்த எடுப்பிலேயே "உங்கள் ஆதர்சம் யார்?" என்று கேட்டுவிடுவார். கலைஞர் பாவம், பிக்காசோ, வான்கோ, பிறகு கொஞ்சம் யோசித்து அம்மா என்று சொல்லிவிட்டு இறங்குவார். கைதட்டு, பொன்னாடை, குறூப் போட்டோ. சரி, முடிந்தது.

எனக்கு இதில் பெரிய மனக்குறை. பிக்காசோவின் படத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? மாற்கு மாஸ்ரரிடம் படம் கீறப் பழகியவர்கள் இருக்கிறார்கள். 1933இல் குருநகரில் பிறந்த மனிசன். போரில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வோடு அவருடைய படங்கள் ஏராளமாகப் போய்விட்டன. வேறு ஊரென்றால் சுவரில் தொங்குகிற படத்தைப் பார்த்து ஓவியரை அறியலாம். இங்கே பாதிக்கு மேல் அவரிடம் படித்தவர்களின் ஞாபகத்தில்தான் கிடக்கிறது. மாஸ்ரர் எப்படித் திருத்துவார்? பிள்ளையின் தாளிலேயே கீறிக் காட்டுவாரா, பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பாரா? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வர்ணத்துக்கு என்ன செய்தீர்கள்? இதை விட்டுவிட்டுப் பிக்காசோவை விசாரிக்கிறோம்.

தவிலும் அப்படித்தான். தவில் மேதை தெட்சணாமூர்த்தி என்றதும் எல்லாரும் கண்ணை மூடித் தலையாட்டுவோம். அவருடைய தகப்பன் விஸ்வலிங்கமும் தவில்காரர். வீட்டுக்குள்ளேயே கைமாறிய வித்தை அது. சாதகம் பண்ணிப் பழகிய விதத்தைப் பற்றிக் கேட்டால்தான் ஏதாவது வெளியே வரும். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஒரு பெடியன் வலக்கை விரல்களில் போடுகிற கூட்டைப் பற்றிக் கேட்டான். மேடையில் நாலு வசனத்தோடு நிறுத்தியிருந்த வித்துவான் பையிலிருந்து கூடுகளை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். துணியை எப்படிச் சுற்றுவது, பசை காய எவ்வளவு நேரம் விடுவது, கூடு தளர்ந்தால் தவிலில் விழுகிற சொல் எப்படிக் குழம்பும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முதன்முதலில் தனக்குக் கூடு செய்து தந்தவரின் பேரும் அப்போதுதான் வந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. மேடையில் இருந்த ஒலிவாங்கிக்கு இதில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

வெளியூர்ப் பாதிப்பு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டுக் குழுக்கள் வந்து ஆடிய நாடகத்தைத்தான் நம்மவர்கள் கொட்டகைக்கூத்து ஆக்கிக்கொண்டார்கள். நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாக ஆடிய மயான காண்டத்தை இரவல் சரக்கு என்று இங்கே எவரும் சொல்ல மாட்டார்கள். (சொல்லிப் பாருங்கோ, அவருடைய ஊரான காங்கேசன்துறைப் பக்கம் போய்.) கடல் தாண்டி வந்தது இங்கே யாருடைய தொண்டையில், எந்தக் கொட்டகையில் மாறியது என்பதைக் கதைத்தால் நானும் முன்வரிசையில் இருந்து கேட்பேன்.

அடுத்த சந்திப்பை ஒழுங்கு செய்கிறவர்களுக்கு: வாழ்த்துரையையும் ஆசியுரையையும் வெட்டுங்கோ. கலைஞர் தன் சாமானோடு வரட்டும். முழுக்க ஒலிப்பதிவு செய்யுங்கோ, கன பேருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பொன்னாடைக் காசில் இன்னொரு நல்ல மைக்கும் வாங்கலாம், அதைத் தேத்தண்ணி மேசையில் வையுங்கோ.