வயரை ஏன் கூரையோடு ஒட்ட வெட்டினீர்கள்?

வாங்கிய வீட்டின் பத்திரம் பதிவாகி, சாவி கை மாறி, கதவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தால் கூடத்தின் நடுவில் கொக்கி மட்டும் தொங்குகிறது. மின்விசிறி இல்லை. சரி, போகட்டும். விசிறி உங்களுடையது, எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டை விற்றவரே, வயர் எங்கே ஐயா? கூரைக்குள் ஓடுகிற குழாயின் வாயோடு வாயாக, ஒரு விரற்கடைகூட வெளியே நீட்டாமல் நறுக்கிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அது எதற்கு?

வீடு வாங்கிய எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும். ஆனாலும் இதை ஒவ்வொரு அடியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இது அறியாமையால் நடப்பதில்லை, அலட்சியத்தால் நடப்பது.

ஒரு மின்விசிறியைக் கழற்ற என்ன வேண்டும்? ஏணி, டெஸ்டர், ஸ்குரூ டிரைவர், ஸ்பானர், கட்டிங் பிளேயர், கொஞ்சம் இன்சுலேஷன் டேப். கூட ஒரு ஆள். முதலில் மெயின் போர்டில் அந்த அறைக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ள வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறக்கூடாது. யாரோ ஒருவர் சுவிட்சை மின்சாரம் வருகிற வயரில் மாட்டாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் மாட்டி வைத்திருந்தால், அணைத்த பிறகும் மேலே மின்சாரம் நிற்கும். ஏணியில் ஏறி, மேல் கப்பைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தினால் கப் ராடு வழியாகக் கீழே இறங்கிவிடும். உள்ளே கூரை வயரையும் விசிறி வயரையும் இணைக்கிற கனெக்டர் தெரியும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு அதன் இரண்டு ஸ்குரூக்களையும் திருகினால் கூரை வயர் தானாக வெளியே வரும். பிறகு கொக்கியில் மாட்டியிருக்கும் போல்ட் நழுவாமல் பிடித்திருக்கும் காட்டர் பின் என்ற கம்பியை நிமிர்த்தி உருவ வேண்டும். கீழே ஒருவர் விசிறியைத் தாங்கிக்கொள்ள, நட்டைக் கழற்றி போல்ட்டை இழுத்தால் வேலை முடிந்தது. கூரையில் நிற்கிற வயர்களின் நுனியைத் தனித்தனியாக டேப் சுற்றி மடித்து வைக்க வேண்டும். மொத்தமும் கால் மணி நேர வேலை.

எங்கே தவறுகிறது என்றால் கனெக்டரில்தான். பல வருஷம் தூசியும் ஈரமும் குடித்து அந்தச் சின்ன ஸ்குரூவின் தலை தேய்ந்திருக்கும், திரும்பாது. லாரி வாசலில் நிற்கிறது, ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். உடனே பிளேயர். சரி, வெட்டுங்கள். கனெக்டருக்குப் பக்கத்தில் வெட்டுங்கள்! அப்படி வெட்டியிருந்தால்கூட வாங்கியவருக்கு அரை அடி வயர் மிஞ்சியிருக்கும். நீங்கள் கனெக்டரை விசிறியோடு தொங்கவிட்டு, கூரையில் எட்டிய இடத்தில் வெட்டினீர்கள். அந்த அரை அடி வயர் விசிறியோடு சேர்ந்து லாரி ஏறிவிட்டது. புது வீட்டின் கூரையில் ஏற்கெனவே வயர் இருக்கிறது. அங்கே போனதும் இந்தத் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் போடுவீர்கள். குப்பையில் போடுவதற்காக ஒரு வீட்டின் வயரை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

இனி வாங்கியவரின் பாடு. குழாய்க்குள் கிடக்கும் வயரோடு புது வயரைக் கட்டிக்கொள்ளலாமே என்று பார்த்தால், பிடிப்பதற்கு நுனி இல்லை. குழாய்க்குள் ஜாயின்ட் போடவும் கூடாது. அது சூடாகி உருகினால் கண்ணுக்கே தெரியாது. மூக்குப் பிளேயர் விட்டுத் துழாவி இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பழைய வயரைச் சுவிட்ச் போர்டு பக்கத்திலிருந்து முழுவதுமாக உருவிவிட்டு, கூரைப் பக்கத்திலிருந்து, வயரைக் கட்டி இழுக்கிற நீளக் கம்பியான ஸ்பிரிங்கை விட்டு, புதிதாக 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுக்க வேண்டும். குழாய் எங்காவது நசுங்கியிருந்தாலோ, கான்கிரீட் போட்ட அன்று சிமென்ட் பால் உள்ளே போய் இறுகியிருந்தாலோ ஸ்பிரிங் பாதியில் நின்றுவிடும். அதற்குப் பிறகு இரண்டே வழி: சுவரையும் கூரையையும் வெட்டுவது, அல்லது கூடத்துக் கூரையின் குறுக்கே வெளியே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் பட்டி அடித்து வயர் கொண்டுபோவது. ஒரு ஸ்குரூ திரும்பவில்லை என்பதற்காக!

இதோடு விட்டார்களா? சுவரில் இருந்த ரெகுலேட்டரையும் பிடுங்கியிருக்கிறார்கள். அது அந்த பிளேட்டுக்கென்றே அளவெடுத்த மாட்யூல். வேறு கம்பெனி பிளேட்டில் பெரும்பாலும் உட்காராது. அதை எடுத்ததால் பிளேட்டில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டைக்குள் டேப் சுற்றாத இரண்டு செப்பு நுனிகள். அதில் ஒன்றில் மின்சாரம் இருக்கிறது. குழந்தையின் விரல் தாராளமாக நுழையும் ஓட்டை அது. டம்மி மாட்யூல் என்ற வெற்று மூடி ஒன்றைச் செருகினால் மூடியிருக்கும். வீட்டில் அடுத்து நடமாடப்போவது யார், எத்தனை வயது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை என்றால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

குளியலறைக்கு வாருங்கள். குழாய்களைக் கழற்றியாயிற்று. ஷவர் தலையும் போயாயிற்று. கழற்றிய வாய்களில் அரை அங்குல அடைப்பான் ஒன்றாவது போட்டார்களா? இல்லை. தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர் தண்ணீர் வரட்டும் என்று அதைத் திறந்ததும் நாலு சுவரிலிருந்து ஒரே நேரத்தில் பீறிடுகிறது. மரைக்கு டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, அடைப்பானைத் திருகி வைக்க ஒரு வாய்க்கு இரண்டு நிமிஷம் ஆகும். கெய்சரைக் கழற்றினால் குளிர்நீர் வழி, வெந்நீர் வழி இரண்டையுமே அடைக்க வேண்டும். குளிர்நீர்ப் பக்கம் ஆங்கிள் வால்வு மூடியிருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து விடும் மிக்சர் குழாயை நடுவில் வைத்துத் திறந்தால் குளிர்நீர் அதன் உள்ளே புகுந்து வெந்நீர்க் குழாய் வழியாகப் பின்வாங்கி, கெய்சர் இருந்த இடத்தில் சுவரில் ஊற்றும். கீழேயே பிளக் பாயின்ட் இருக்கும்.

இதைவிடக் கொடுமை, சுவருக்குள் புதைத்த மிக்சரின் வெளிப்பாகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போவது. பளபளவென்று இருக்கும் கைப்பிடியும் மூடித்தட்டும் பையில் போய்விடும். உடம்பு சுவருக்குள்ளேயே இருக்கும். அந்தக் கைப்பிடி வேறு எந்த மாடலுக்கும் பொருந்தாது, அவர்களுக்கும் பயன்படாது. அதே மாடல் சந்தையில் நின்றுபோயிருந்தால், வாங்கியவர் டைல்ஸை உடைத்துப் புதைந்த உடம்பையும் மாற்ற வேண்டும். எடுத்தவருக்கு ஒரு பிடி உலோகம், வந்தவருக்கு ஒரு குளியலறையையே இடிக்கிற வேலை.

ஏ.சி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கோபம் ஏறுகிறது. ஏ.சி.யைக் கழற்றுவதற்கு முன் அதைக் குளிர வைக்கும் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துச் சேர்க்க வேண்டும்: குளிர் மோடில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடி, அழுத்தமானியில் (கேஜ்) அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே அணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் குழாயை வெட்டினால் கேஸ் முழுக்கக் காற்றில் போகும். அந்தக் கேஸ் ஆர்-410ஏ வகை என்றால் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. வெட்டியது போதாதென்று, குழாய் போன ஓட்டையை அப்படியே திறந்து விட்டுப் போகிறார்கள். அதன் வழியாக மழை வருகிறது, எலி வருகிறது.

சமையலறையில் கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் வருகிற கேஸ் குழாயின் வாயை மூடாமல் வால்வை மட்டும் திருப்பிவைத்துப் போவதற்கு எனக்குத் தெரிந்த நாகரிகமான வார்த்தை எதுவும் இல்லை. வால்வை அடைத்தாலும் அதற்கு மேல் மரை அடைப்பான் போட்டே ஆக வேண்டும், அதையும் அதற்கு உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். யாராவது கை பட்டு வால்வு கால் திருப்பு திரும்பினால் போதும்.

“எங்க பொருள், நாங்க எடுக்கிறோம்” என்பார்கள். எது உங்கள் பொருள்? 1872-லேயே இங்கிலாந்தில், ஒரு ஆலையில் தரையோடு ஆணியடித்து நிறுத்திய தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவையா என்ற வழக்கில் நீதிமன்றம் இரண்டு கேள்வி கேட்டது: எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டது, எதற்காகப் பொருத்தப்பட்டது. அங்கேயே 1996-ல் ஒரு மேல்முறையீட்டில் குழாய்களும் குளியலறைப் பொருத்துகளும் சமையலறை அலமாரிகளும் வீட்டோடு சேர்ந்தவை, ஆனால் கம்பளம், திரைச்சீலை, விளக்குகள் அப்படி அல்ல என்று முடிவானது. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவோ, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்த வைத்த மற்றவை எல்லாம் வீட்டோடு கை மாறும் என்கிறது. ஆக, பிடுங்கிய குழாய்க்கு நியாயம் கேட்கலாம். விளக்குக்கும் விசிறிக்கும் சட்டத்தை நம்பி உட்கார முடியாது, எழுதித்தான் வாங்க வேண்டும்.

எப்படி எழுதுவது? முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அறை அறையாக நடந்து, பொருளின் பெயர், கம்பெனி, எண்ணிக்கை, இருக்குமா போகுமா என்று ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். “மின்சாதனங்கள் உட்பட” என்று ஒரே வரியில் எழுதினால் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் கிடைக்கும். எடுத்துக்கொண்டு போகும் பொருள்களுக்கு எதிரே, வயர் நுனி அரை அடி விட்டு டேப் சுற்றப்படும், குழாய் வாய் அடைக்கப்படும், ஓட்டை பூசப்படும் என்றும் எழுதுங்கள். சுவிட்ச் போர்டு, கூரைக் கொக்கி, குளியலறைச் சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கடைசித் தவணை கை மாறும் முன், வீடு காலியான பிறகு மறுபடியும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சாமான்கள் இருக்கும்போது பார்த்தது கணக்கில்லை. பீரோவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பீரோ போன பிறகுதான் தெரியும்.

எடுத்தது இவ்வளவு. விட்டுப்போனது என்ன? பரண் நிறைய, உறைந்துபோன பெயின்ட் டப்பா. பட்டன் அளவு துருவோடு பூச்சிமருந்து டின். உடைந்த சி.எஃப்.எல். பல்புகள், ஒவ்வொன்றிலும் பாதரசம். உப்புப் பூத்த பழைய ஈய அமில பேட்டரி. அதைச் சாதாரணக் குப்பையில் போடவும் முடியாது, நிமிர்த்தி வைக்காவிட்டால் அமிலம் ஒழுகித் தரையை அரிக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கதவைச் சாத்தி வைத்த பழைய ஃபிரிட்ஜ். நிறுத்திய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாதம் மூடிக் கிடந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, ரப்பர் பட்டை வரை கறுத்து, பிறகு எதனாலும் அந்த வாடை போகாது.

உண்மையில் விட்டுப்போக வேண்டிய ஒன்று உண்டு. வீடு கட்டியபோது மிஞ்சிய பத்துப் பன்னிரண்டு டைல்ஸ். அதே பேட்ச், அதே நிறம், அதே அளவு. அடுத்த பேட்ச்சில் நிறம் ஒரு மாற்றுக் குறையும், அளவு ஒரு மில்லிமீட்டர் மாறும், ஒட்டினால் திட்டாகத் தெரியும். உலகத்திலேயே அந்த டைல்ஸ் பயன்படுகிற ஒரே இடம் அந்த வீடுதான். அதைப் பத்திரமாகச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள்! எதற்கு? புது வீட்டில் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கவா? உறைந்த பெயின்ட் டப்பா பரணில் இருக்கிறது, அதன் மூடியில் இருந்த ஷேடு எண்ணைக்கூட ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. தண்ணீர் மெயின் வால்வு எங்கே, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, செப்டிக் டேங்க் மூடி எந்தப் பக்கம், ஒரு வார்த்தை இல்லை. வாசல் கேமராவும் ஸ்மார்ட் பூட்டும் பழைய சொந்தக்காரரின் போனிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. வீட்டை விற்ற பிறகும் யார் உள்ளே போகிறார் வருகிறார் என்று அவரால் பார்க்க முடிகிறது. ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்த மனம் வரவில்லை. பத்து விநாடி!

இதையெல்லாம் சொல்லும்போதே இன்னொன்று. ஸ்குரூ தலையின் மேல் பெயின்ட் அடிப்பது யார் பழக்கம்? கீல், தாழ்ப்பாள், சுவிட்ச் பிளேட் எதையும் விடாமல் தூரிகையை இழுத்துக்கொண்டே போகிறார்கள். பிளேட்டைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் பிளேடு நுனியால் ஸ்குரூவின் காடியைச் சுரண்ட வேண்டும், பிறகு பிளேட்டின் ஓரத்தைச் சுற்றிக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளேட்டோடு சேர்ந்து சுவர்ப் பெயின்ட்டும் உரிந்து வரும். மூன்று கோட் அடித்திருக்கிறார்கள். மூன்று கோட்டும் ஸ்குரூ மேலேயே.